முப்புரி கண்ட அறிஞர்

வடசென்னையில் இராயபுரத்தை அடுத்துள்ள காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில், படகுகளைக் கரையோடு பிணைத்திருக்கும் கயிறுகளைக் காணலாம். தனிப்புரி எளிதில் அறும். மூன்று புரிகளைச் சேர்த்து முறுக்கினாலோ, அலையில் ஆடும் படகையும் அது தாங்கும். பொருள் ஒன்றே; வலிமையைத் தருவது அதன் அமைப்பு. நம் உடலினுள்ளும் இத்தகைய முப்புரிக் கயிறு உண்டு என்று உலகுக்கு உணர்த்தியவர் ஜி. என். இராமச்சந்திரன் ஆவார்.

இவர் 1922-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 8-ஆம் நாள் எர்ணாகுளத்தில் பிறந்தார். தந்தையார் கணிதப் பேராசிரியர். திருச்சிராப்பள்ளித் தூய வளனார் கல்லூரியில் இயற்பியல் பயின்ற இவர், பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் மின்பொறியியல் கற்கச் சேர்ந்தார். இவரது கூர்மதியை உணர்ந்த சர் சி. வி. இராமன், இவரைத் தம் இயற்பியல் துறைக்கு அழைத்துக்கொண்டார். பின்னர்க் கேம்பிரிட்ஜ் சென்று ஆய்வு நிகழ்த்தித் திரும்பிய இராமச்சந்திரன், 1952-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியரானார்.

தோல், எலும்பு, தசைநாண் ஆகியவற்றில் நிறைந்துள்ள புரதம் கொலாஜன். அதன் மூலக்கூற்றின் வடிவம் அந்நாளில் விளங்காப் புதிராக இருந்தது. இராமச்சந்திரனும் அவர்தம் துணைவர் கோபிநாத் கர்த்தாவும் எக்ஸ்-கதிர்ப் படங்களை ஆராய்ந்து, 1954, 1955-ஆம் ஆண்டுகளில் விடை கண்டனர். மூன்று சங்கிலிகள் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு நிற்பதே கொலாஜன். நடுவில் இடம் மிகக் குறுகியது. ஆதலால், அமினோ அமிலங்களுள் மிகச் சிறியதாகிய கிளைசின், ஒவ்வொரு சங்கிலியிலும் மூன்றாம் இடந்தோறும் அமைதல் வேண்டும். அவ்விடத்தில் பெரியதொன்று புகுந்தால் முறுக்குக் குலையும். எலும்பு எளிதில் முறியும் பிறவி நோய்க்கும் இது காரணமாகும்.

வடிவம் கெடின் பயனும் கெடும். கொலாஜனை நீரில் கொதிக்கவைத்தால் புரிகள் பிரிந்து, வலிமையற்ற ஜெலட்டின் ஆகின்றது. முற்காலத்தில் நெடுங்கடற் பயணம் சென்ற மாலுமிகள் காய்கனி இன்றி ஈறு வீங்கிக் குருதி கசிய வருந்தினர். உயிர்ச்சத்து 'சி' இல்லாமையால் அவர்கள் உடலில் முப்புரி உறுதி பெறாமற் போனதே அதன் காரணம்.

இராமச்சந்திரனின் அமைப்பில் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கியுள்ளன என்று கிரிக், ரிச் என்னும் மேனாட்டு அறிஞர்கள் குறை கூறினர். அவர் சினங்கொள்ளவில்லை, சோர்ந்து அமரவுமில்லை. அணுக்கள் உண்மையில் எவ்வளவு நெருங்கக்கூடும் என்னும் வினாவையே ஆராயத் தொடங்கினார். சி. இராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகியோருடன் கணக்கிட்டு, புரதச் சங்கிலி எக்கோணங்களில் திரும்பலாம், எவற்றில் திரும்பலாகாது என்பதை ஒரே படத்தில் வரைந்து, 1963-இல் வெளியிட்டார். முப்புரியின் நுண்பகுதிகள் பிற்காலத்தில் திருத்தம் பெற்றன, முப்புரி நிலைத்தது. குறைகூறலிலிருந்து பிறந்த அப்படமோ, இராமச்சந்திரன் வரைபடம் என்னும் பெயருடன், புரத அமைப்புகளைச் சரிபார்க்க இன்றும் உலகெங்கும் பயன்படுகின்றது.

1977-இல் இலண்டன் இராயல் கழகம் அவரை உறுப்பினராக ஏற்றுப் பெருமை செய்தது. 2001-ஆம் ஆண்டு ஏப்ரல் 7-ஆம் நாள் அவர் சென்னையில் மறைந்தார். தம் ஆய்வில் பிறர் கண்ட குறையையே அடுத்த ஆய்வுக்கு வித்தாக்கிய அவர் நெறி, கற்போர் யாவரும் போற்றிக் கொள்ளத்தக்கது.