சூரியனில் காந்தம் கண்ட ஹேல்

நாம் நாள்தோறும் வணங்கும் சூரிய பகவானது முகத்திலும் கரும் புள்ளிகள் உண்டு. கலிலியோ முதலியோர் 17-ஆம் நூற்றாண்டிலேயே அவற்றைத் தொலைநோக்கியாற் கண்டனர். ஆயினும் அவற்றுள் காந்தம் உறைவதை உலகுக்குக் காட்டியவர் ஜார்ஜ் எல்லரி ஹேல் என்னும் அமெரிக்க விஞ்ஞானியே.

இவர் 1868-இல் சிக்காகோ நகரிற் பிறந்தார். லிப்டுகள் செய்து பொருளீட்டிய தந்தையார், மைந்தனது வேட்கையறிந்து வீட்டையொட்டி ஆராய்ச்சிக்கூடமே அமைத்துக் கொடுத்தார். 1889-இல் டிராம் வண்டியிற் செல்லுகையில், ஒரே நிற ஒளியைப் பிரித்து அதனாற் சூரியனைப் படம் பிடிக்கும் கருவியைப் பற்றிய எண்ணம் ஹேலுக்கு உதித்தது. வண்டியேறினால் உறக்கமே வரும் நம்மனோர்க்கு இது வியப்பே! அவ்வகைக் கருவியொன்று பின்னர் நமது கோடைக்கானலிலும் பல்லாண்டுகள் சூரியனைப் படம் பிடித்தது.

1908-இல் கலிபோர்னியாவின் வில்ஸன் மலையில், புள்ளிகளைச் சூழ்ந்து நீர்ச்சுழி போன்ற கோலங்கள் படங்களில் தென்பட்டன. மின்னேற்றமுற்ற துகள்கள் சுழன்றால் காந்தம் பிறக்குமன்றோ என்று ஹேல் கருதினார். காந்தத்தினிடையே பிறக்கும் ஒளியின் நிறமாலைக் கோடுகள் பிளவுபடுமென்று 1896-இலேயே ஸீமன் கண்டிருந்தார். 60 அடிக் கோபுரத்தினின்று ஹேல் நோக்க, புள்ளிகளின் ஒளியில் அப்பிளவு தெளிவாய்த் தெரிந்தது. பூமியின் காந்தத்தினும் ஆயிரக்கணக்கான மடங்கு வலிய காந்தம் அங்கிருந்தது! சுழலே காந்தத்துக்குக் காரணம் என்ற கருத்து பின்னர் நிலைக்கவில்லை, காந்தமோ நிலைத்தது.

புள்ளிகள் பெரும்பாலும் இணை இணையாகவே தோன்றும். ஒன்று வடமுனை, மற்றது தென்முனை. சூரியனின் வடபாதியில் எம்முனை முன்செல்கிறதோ, தென்பாதியில் அதற்கு எதிர்முனை முன்செல்லும். இன்றைய விளக்கம் இது: காந்தக் கற்றைகள் சூரியனுள்ளிருந்து வில்லென வளைந்தெழுகின்றன, தையல் நூல் துணியில் ஓரிடத்தே மேலெழுந்து மற்றோரிடத்தே உட்புகுவது போல, மேற்பரப்பை ஈரிடத்தில் துளைக்கின்றன.

1912-ஐ ஒட்டிப் புதிய புள்ளிகள் தோன்றியபோது இவ்வொழுங்கு முழுதும் தலைகீழாயிற்று. ஹேல் மனந்தளரவில்லை. அவசரமாக முடிவு கூறவுமில்லை. தோழர்களுடன் ஆண்டுக்கணக்கில் கணக்கெடுத்து 1919-இல் வெளியிட்டார். அடுத்த சுற்றிலும் அது மீண்டும் தலைகீழான பின்னரே, 1925-இல், காந்தச் சுழற்சி ஏறத்தாழ 22 ஆண்டு என்று நிறுவினார். அவருடைய செயல்களுள் இப்பொறுமையையே யான் பெரிதென்பேன்.

அதற்குள் நரம்பு நோய் அவரை வாட்டியிருந்தது. 1923-இல் தலைமைப் பதவியைத் துறந்து, பஸதேனாவில் தனிக்கூடம் அமைத்துச் சூரியனையே நோக்கியிருந்தார். அந்நிலையிலும் 200 அங்குலத் தொலைநோக்கிக்கென ராக்பெல்லர் நிதியினின்று 60 இலட்சம் டாலர் திரட்டினார். 1938-இல் அவர் காலமானார். அத்தொலைநோக்கி 1948-இல் பாலோமர் மலையில் அவர் பெயராலேயே திறக்கப்பட்டது.