பிரசவத்துக்கு முன்பே கதவைத் திறந்த சாவித்திரிபாய்

கிள்ளானிலோ காஜாங்கிலோ பிறந்து சில மணி நேரமே ஆன சிசு கண்டெடுக்கப்பட்டது என்று செய்தி வந்தால், நம்மில் பலர் முதலில் ஏசுவது தாயைத்தான். அந்தத் தாய் பள்ளி மாணவியாகவும் இருக்கலாம். எத்தனை மாதம் யாரிடமும் சொல்லாமல் தனியாகப் பயந்து கிடந்தாள் என்று கேட்பவர்கள் குறைவு.

160 ஆண்டுகளுக்கு முன் புனேயில் அதைக் கேட்டவர் சாவித்திரிபாய் பூலே. 1831 ஜனவரி 3-ஆம் தேதி மகாராஷ்டிராவின் நைகாவ்ன் கிராமத்தில் பிறந்தவர். 9 வயதில் திருமணம். மாப்பிள்ளை ஜோதிராவுக்கு வயது 13. கணவரிடமே எழுதப் படிக்கக் கற்று, 1848-இல் அவரோடு சேர்ந்து பெண் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார். போகும் வழியில் சாணம் வீசுவார்கள் என்பதால் மாற்றுச் சேலையோடு போனார் என்ற கதை பலருக்கும் தெரியும். 1863-இல் அவர் செய்ததுதான் அதிகம் பேசப்படுவதில்லை.

அன்றைய புனேயில் பிராமணக் குடும்பங்கள் பெண்ணை வயதுக்கு வருமுன்பே கட்டிக் கொடுத்துவிடும். கணவன் இறந்தால், சிறுமியாக இருந்தாலும் தலையை மழித்து மூலையில் உட்கார வைப்பார்கள். 1856-இல் விதவை மறுமணச் சட்டம் வந்தும் ஊர் அசையவில்லை. அப்படிப்பட்ட பெண் ஏமாற்றப்பட்டோ பலவந்தப்படுத்தப்பட்டோ கர்ப்பமானால், சாக வேண்டும் அல்லது பிள்ளையைக் கொல்ல வேண்டும். ஆணை யாரும் விசாரிப்பதில்லை. (இன்று மட்டும் என்ன வாழ்கிறது?)

பூலே தம்பதியரின் நண்பர் வீட்டில் சமையல் வேலை பார்த்தவர் காசிபாய் என்ற இளம் விதவை. கர்ப்பமாக்கியவன் கைவிட்டான். பிறந்த குழந்தையைக் கொன்று கிணற்றில் போட்டார். நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்து அந்தமானுக்கு அனுப்பியது. பிரசவத்தின் பாதிப்பிலிருந்து மீளாமல் மனம் குலைந்த தாய் தன் சிசுவைக் கொன்றால் அதைக் கொலையாகப் பார்க்காமல் தனிக் குற்றமாகப் பார்க்கிறது இன்றைய மலேசியக் குற்றவியல் சட்டத்தின் 309ஏ பிரிவு. காசிபாயின் மனத்தை அன்று யாரும் பார்க்கவில்லை.

சாவித்திரிபாய் பார்த்தார். அவரும் ஜோதிராவும் தங்கள் வீட்டிலேயே சிசுக்கொலைத் தடுப்பு இல்லம் தொடங்கினார்கள். கர்ப்பிணி விதவைகள் ரகசியமாக வந்து பிரசவிக்கலாம், பிள்ளையை எடுத்துச் செல்வதும் விட்டுச் செல்வதும் அவரவர் விருப்பம் என்று சுவர்களில் அறிவிப்பு ஒட்டினார்கள். வந்தவர்களைக் கவனித்துக்கொண்டவர் சாவித்திரிபாய். 1884-க்குள் 35 பெண்கள் அங்கே வந்து பிரசவித்திருந்தனர்.

பெட்டாலிங் ஜெயாவில் 2010-இல், குழந்தையைப் பத்திரமாக வைத்துவிட்டுப் போகும் பெட்டகம் திறக்கப்பட்டது. நல்ல ஏற்பாடு, சிசுவின் உயிரைக் காக்கும். ஆனால் அந்தப் பெட்டகம் வரை தாய் தனியாகத்தான் நடந்து வர வேண்டும். சாவித்திரிபாயின் கதவு அவளுக்காகப் பல மாதங்கள் முன்பே திறந்திருந்தது. அந்த வித்தியாசத்தை நம் சமூக அமைப்புகள் கவனிக்க வேண்டும்.

பூலே தம்பதியருக்குப் பிள்ளை இல்லை. அந்த இல்லத்துக்கு வந்த ஒரு விதவையின் மகனைத் தத்தெடுத்து யஷ்வந்த் என்று பெயரிட்டு வளர்த்தார்கள். அவர் மருத்துவரானார். 1897-இல் பிளேக் பரவியபோது, புனேக்கு வெளியே தாயும் மகனும் சேர்ந்து நோயாளிகளைப் பார்த்தார்கள். நோயுற்ற சிறுவன் ஒருவனைத் தூக்கி வந்தபோது சாவித்திரிபாயையும் நோய் தொற்றியது. அவ்வாண்டு மார்ச் 10-ஆம் தேதி இறந்தார்.