மகா வைத்தியநாத ஐயர்

பட்டம் என்னுஞ் சொல் நம் கல்லூரியில் நாள்தோறும் வழங்குவது. பல்லாண்டு நூல்களோடு போராடி அதனைப் பெற்று, மறுநாளே நம் பெயருக்குப் பின்னே எழுதி அழகு பார்க்கின்றோம். பன்னிரண்டாம் வயதிலே ஒரு பட்டத்தைப் பெற்று, அதனைத் தம் பெயருக்கு முன்னே வாழ்நாள் முழுதும் தாங்கியவர் ஒருவர் உளர்.

தஞ்சை நாட்டு வையைச்சேரியில் 1844-ஆம் ஆண்டிற் பிறந்தவர் வைத்தியநாத ஐயர். தியாகராச சுவாமிகளின் மாணாக்கராகிய மானம்புச்சாவடி வேங்கடசுப்பையரிடம் இசை பயின்றார். பாலப்பருவத்திலேயே தமையனார் இராமசாமி சிவனோடு அவைகளிற் பாடினார். தாமிரவருணிக் கரையிலுள்ள கல்லிடைக்குறிச்சியில், பின்னாளிலே திருவாவடுதுறை ஆதீனத் தலைவராய் விளங்கிய சுப்பிரமணிய தேசிகர் முன்னிலையில் இசைப்போர் ஒன்று நிகழ்ந்தது. ஆண்டில் மூத்த வித்துவான்கள் கூடியிருந்த அவ்வவையிலே இச்சிறுவர் வென்று, மகா என்னும் பட்டத்தைப் பெற்றார். அவ்வயதில் நம்மிற் பலர் பிழையின்றி ஒரு பக்கம் எழுதவே இடர்ப்பட்டிருப்போம்! இளமையிற் கிடைத்த புகழ் எளிய சுமையன்று. செல்லும் அவைதோறும் அச்சிறு சொல்லை அவர் மீண்டும் மீண்டும் மெய்ப்பிக்க வேண்டியிருந்தது.

அதனை அவர் மெய்ப்பித்தவற்றுள் ஒன்றை மட்டும் விரித்துரைப்பேன். தஞ்சையின் கடைசி அரசர் சிவாசியின் மருகர் சக்காராம் சாகேப், எழுபத்திரண்டு மேளகர்த்தா இராகங்களின் பெயரும் அமைந்த மராட்டிய லாவணி ஒன்றற்கு இசையமைக்குமாறு வேண்ட, ஐயர் அமைத்துக் கொடுத்துப் பரிசும் பெற்றார். எனினும் அவர் மனம் அமைதியுறவில்லை. அத்துணை இராகங்களும் ஒரு மனிதரின் புகழுக்கோ பயன்பட்டன என்று வருந்தினார். ஆதலின், திருவையாற்று இறைவராகிய பிரணதார்த்திஹரர்மீது வடமொழியில் வேறொரு பாட்டினைத் தாமே இயற்றி, அதனை எழுபத்திரண்டு இராகங்களிலும் அமைத்தார். ஒவ்வோரடியிலும் அவ்வவ்விராகத்தின் பெயர் பொருளோடு பொருந்தி நிற்கும். அடியின் இறுதியில் வரும் சுரவரிசையோ அடுத்த இராகத்திற்கு வாயில் திறந்துவிடும். பரிசு பெற்ற பாட்டைக் காட்டிலும் பரிசில்லாத இப்பாட்டே அவர் பெயரை நிலைநாட்டிற்று. பட்டத்தை அளித்தது கல்லிடைக்குறிச்சி. அதற்குரிய பொருளை அளித்தது இப்பாட்டு என்பது என் கருத்து.

தமையனார் இயற்றிய பெரியபுராணக் கீர்த்தனைகளையும் அவர் பாடிக் கதை நிகழ்த்தி வந்தார். 1893-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில், நாற்பத்தொன்பது வயது நிரம்புமுன்னரே மறைந்தார்.

அவர்தம் குரலைக் கேட்கும் பேறு நமக்கில்லை. பிற்காலத்தில் எம். எஸ். சுப்புலட்சுமி அம்மையார் பாடிப் பதிவு செய்த இவ்விராகமாலிகையை அண்மையில் இருமுறை கேட்டேன். முப்பத்தாறு இராகங்கள் கடந்து மத்திமம் மாறுமிடம் முதன்முறை எனக்குப் புலப்படவில்லை. இரண்டாம் முறையே பிடிபட்டது.