சொந்த ஊர் தந்த தோல்வி



திருச்சியிலிருந்து மதுரைக்குப் போகும் சாலையில் விராலிமலையைத் தாண்டித் துவரங்குறிச்சியை நெருங்கினால் நம் மருங்காபுரிச் சீமை. காவிரி பாயும் மாவட்டம் என்று பெயர். காவிரித் தண்ணீர் எட்டிப் பார்க்காத மூலை. ஜமீன் இருந்தது, போயிற்று. மருங்காபுரி என்ற பெயரில் சட்டமன்றத் தொகுதி இருந்தது, 2008-ஆம் ஆண்டுச் சீரமைப்பில் அதுவும் போயிற்று. போகாமல் நிற்பது தேநீர்க் கடைப் பெஞ்சும் அதன்மேல் நடக்கும் அரசியல் வாதமும்தான்!

அந்தப் பெஞ்சில் அண்மையில் ஒரு பேச்சு எழுந்தது. அமெரிக்க நாட்டின் குடியரசுத் தலைவர் பதவிக்குப் போட்டியிட்ட அல் கோர், 2000-ஆம் ஆண்டில் தன் சொந்த மாநிலமான டென்னசியிலேயே தோற்றார். அந்த ஒரு மாநிலத்தின் 11 வாக்குகள் கிடைத்திருந்தால் வெள்ளை மாளிகை அவருடையது. பிளாரிடாவின் ஓட்டுச் சீட்டுகளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்க்கும் வேலையே வந்திராது. 1972-இல் மக்கவர்ன் என்பவரும் தம் தெற்கு டகோட்டாவில் இப்படித்தான் வீழ்ந்தார். இதை எடுத்துச் சொன்ன இளந்தோழர் வாய்விட்டுச் சிரித்தார். பிறந்த மண்ணே கைவிட்டவன் ஒரு தலைவனா என்று கேட்டார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாங்கள் உட்கார்ந்திருந்த பெஞ்சுக்கு எதிரே போகிற அதே சாலையில் மதுரையையும் கடந்து போனால் விருதுநகர் வரும். அந்த ஊரும் ஒருவரைத் தோற்கடித்தது. தோற்கடித்தவர்கள் நாம். தோற்றவர் காமராசர்.

அவர் கதையைக் கழக மேடைகளில் நாம் முழுதாகச் சொல்வதில்லை. வெற்றிக் கதையாகத் தொடங்கி, வெற்றி வந்ததும் நிறுத்திவிடுகிறோம். இன்று முழுதாகச் சொல்லிவிடுகிறேன்.

1903-ஆம் ஆண்டு சூலை 15. விருதுப்பட்டி என்று அன்று வழங்கிய ஊர். தந்தை குமாரசாமி, தாய் சிவகாமி அம்மையார். மகனுக்கு ஆறு வயதானபோது தந்தை மறைந்தார். தாயின் நகை வீட்டுச் செலவுக்குப் போயிற்று. பையன் படித்தது சத்திரிய வித்தியாசாலை. அது எப்படி நடந்த பள்ளி தெரியுமா? வீடு வீடாகப் பிடியரிசி சேர்த்து நடந்த பள்ளி! அடுப்பேற்றுமுன் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைத்தாள் ஏழைத் தாய். அந்த அரிசி ஊர்ப் பிள்ளைகளுக்கு எழுத்தாக மாறியது. இந்த அரிசியை நினைவில் வைத்திருங்கள். கதை நெடுக இது வரும்.

ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றது. மாமன் கருப்பையா நாடாரின் துணிக்கடையில் முழக்கோல் பிடித்தார். 1919-இல் பஞ்சாபில் ஜாலியன்வாலா பாகில் வெள்ளையன் சுட்ட செய்தி வந்தது. கடையில் கால் தரிக்கவில்லை. 1930-இல் வேதாரண்யத்தில் உப்பெடுக்கும் போர்; அதன் பரிசு அலிப்பூர்ச் சிறை. பிறகு சிறை, மீண்டும் சிறை. கூட்டிப் பார்த்தால் ஏறத்தாழ ஒன்பது ஆண்டு. 1941-இல் அவர் உள்ளே கிடந்தபோது விருதுநகர் நகராட்சி அவரைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. வெளியே வந்தவர் நாற்காலியை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, விலகல் கடிதம் கொடுத்துவிட்டுக் கட்சி வேலைக்குப் போனார். சொந்த ஊர் கேளாமலே பதவி கொடுத்த காலமும் ஒன்று இருந்தது என்பதற்காகச் சொல்கிறேன்.

1953-இல் ஆச்சாரியார் ஒரு கல்வித் திட்டம் கொண்டுவந்தார். அரை நாள் பள்ளி, அரை நாள் அப்பன் தொழில். வண்ணான் பிள்ளை வெளுக்கவும் தச்சன் பிள்ளை இழைக்கவும் போக வேண்டுமாம்! குலக் கல்வி என்று அதற்குப் பெயர் வைத்து நாடு கொதித்தது. பெரியார் முழங்கினார், கழகம் களம் இறங்கிச் சிறை புகுந்தது. ஆச்சாரியார் இறங்கினார், 1954 ஏப்ரல் 13-இல் காமராசர் ஏறினார். அந்தத் திட்டம் குழிக்குப் போயிற்று. அவர் சட்டமன்றத்துக்குள் வரக் குடியாத்தத்தில் இடைத்தேர்தல் நடந்தபோது, எதிர்க்கட்சியாகிய நாம் அவரை எதிர்க்கவில்லை, ஆதரித்தோம். பெரியாரோ அவரைப் பச்சைத் தமிழர் என்று அழைத்து, அடுத்த பதின்மூன்று ஆண்டுகள் அவர் பக்கமே நின்றார்.

அமைச்சரவையில் அவரையும் சேர்த்து எட்டே பேர். தலைவர் பதவிக்குத் தம்மை எதிர்த்து நின்ற சி. சுப்பிரமணியத்துக்கும், அவரை முன்மொழிந்த பக்தவத்சலத்துக்கும் அதில் இடம் கொடுத்தார். ஆதி திராவிடரான பரமேசுவரனிடம் அறநிலையத் துறையை ஒப்படைத்தார். கோயில் வாசலில் நிற்க வைக்கப்பட்ட குலத்தவர் கோயில் கணக்கைக் கேட்கும் இடத்துக்கு வந்தார்! மேடை போட்டு நாம் பேசியதைச் சத்தமில்லாமல் ஒரு கையெழுத்தில் செய்தார் என்றால், அதை ஒப்புக்கொள்வதில் நமக்கென்ன குறை?

பிறகு பள்ளிகள். பள்ளி இல்லாத ஊருக்குப் பள்ளி. பள்ளி இருந்தும் பிள்ளை வராத ஊருக்குச் சோறு. 1956-இல் மதிய உணவு தொடங்கியது. பிடியரிசிப் பள்ளியில் படித்த பையன், நாடு முழுதும் பிடியரிசி சேர்த்தான் என்று சொன்னால் பொருந்தும்; முதலில் அரசுப் பணத்தை நம்பி அல்ல, ஊராரின் நன்கொடையை நம்பித்தான் பல ஊர்களில் அடுப்பெரிந்தது. மழை பொய்த்தால் மாடு மேய்க்கப் போகும் நம் மருங்காபுரிப் பக்கத்துப் பிள்ளைக்கு, பகல் ஒரு வேளைச் சோறு என்பது என்ன என்று விளக்கத் தேவையில்லை. நெய்வேலி வந்தது. வைகையிலும் சாத்தனூரிலும் அணை நின்றது. திருவெறும்பூரில் கொதிகலன் ஆலைக்கு வித்திட்டதும் அந்த ஆட்சிதான். இதைப் படிக்கும் தோழர்களில் எத்தனை குடும்பம் அந்த ஆலைச் சங்கு கேட்டு எழுந்த குடும்பம்!

அப்படியானால் நாம் அவரை எதிர்த்தது ஏன்?

1956-இல் இதே திருச்சியில் நடந்த மாநில மாநாட்டில், தேர்தலில் நிற்பதா வேண்டாமா என்று வந்திருந்தோரிடமே வாக்குக் கேட்டு முடிவெடுத்தது கழகம். 1957-இல் 15 பேர் சட்டமன்றம் புகுந்தனர். அதில் ஒருவர் குளித்தலையில் வென்ற கலைஞர். காமராசர் அந்தப் பதினைந்தை அலட்சியமாகப் பார்க்கவில்லை. 1962-இல் ஒவ்வொருவரையும் குறி வைத்து வேலை செய்தார். பதினைவரில் பதினால்வர் வீழ்ந்தனர். தஞ்சைக்கு மாறி நின்ற கலைஞர் மட்டும் தப்பினார். அண்ணா வீழ்ந்தார். எங்கே? தாம் பிறந்த காஞ்சிபுரத்தில்! நடேச முதலியாரிடம். தலைவனைத் தலைவனின் வீட்டு வாசலிலேயே வீழ்த்துவது எப்படி என்று அன்று காட்டிக் கொடுத்தது காமராசரின் கட்சி. ஆனால் அவர் எண்ணியது ஒன்று, நடந்தது ஒன்று: பதினால்வர் போன இடத்தில் ஐம்பதின்மர் வந்தனர்.

1963 அக்டோபர் 2. முதலமைச்சர் நாற்காலியிலிருந்து தாமே இறங்கினார். பதவியில் இருப்பவர்கள் கட்சிப் பணிக்குத் திரும்ப வேண்டும் என்ற அவர் திட்டப்படி ஆறு முதல்வர்களும் ஆறு மத்திய அமைச்சர்களும் விலகினர். அகில இந்தியக் காங்கிரசின் தலைவரானார். நேரு மறைந்த 1964-இல் லால் பகதூரையும், லால் பகதூர் மறைந்த 1966-இல் இந்திரா அம்மையாரையும் பிரதமர் ஆசனத்தில் அமர்த்தினார். இந்தி தெரியாத, ஆறாம் வகுப்போடு நின்ற தமிழர் தில்லிக்கு இரண்டு பிரதமர்களைத் தந்தார். தமிழன் என்ற முறையில் நெஞ்சு நிமிரத்தான் செய்கிறது.

நிமிர்ந்த அதே நெஞ்சு இங்கே எரிந்துகொண்டிருந்தது. 1964 சனவரி 25-இல் திருச்சி ரயில் நிலையத்தில் கீழப்பழுவூர்ச் சின்னச்சாமி தமிழுக்காகத் தன் உடலுக்குத் தீ வைத்துக்கொண்டான். 1965-இல் மாணவர் எழுந்தனர், துப்பாக்கி பேசியது. நம் பக்கத்து விராலிமலைச் சண்முகம் நஞ்சுண்டு மாண்டான். கோட்டையில் இருந்தவர் பக்தவத்சலம். காமராசர் இந்தியைத் திணிக்கச் சொன்னவர் அல்லர்; பெங்களூரில் சஞ்சீவ ரெட்டி, நிஜலிங்கப்பா, அதுல்ய கோஷ் ஆகியோருடன் கூடி, அவசரம் வேண்டாமென்று தில்லிக்கு எடுத்துச் சொன்னவர். ஆனால் பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டுக்குப் பெங்களூர்ப் பேச்சு எட்டுமா? கொடி காங்கிரசுக் கொடி. கொடிக்குத் தலைவர் அவர்.

அடுத்தது அரிசி. மழை இல்லை, விளைச்சல் இல்லை, கடையில் அரிசி இல்லை. 1966 சூனில் ரூபாயின் மதிப்பைக் குறைத்தார்கள், அதுவரை 4.76 ரூபாய்க்குக் கிடைத்த டாலர் 7.50 ரூபாய் ஆயிற்று. காமராசருக்கு அதில் உடன்பாடில்லை. ஆனால் அவர் அமர்த்திய அரசு அவரை மீறி நடந்தது. கூலி வாங்கிக் கடைக்குப் போன தொழிலாளிக்கு இந்தக் கதையெல்லாம் வேண்டாத கதை. படி அரிசி என்ன விலை? அதுதான் கேள்வி. ரூபாய்க்கு மூன்று படி இலட்சியம், ஒரு படி நிச்சயம் என்று நாம் சொன்னோம், மக்கள் கேட்டார்கள். (பின்னாளில் அந்த ஒரு படி சென்னைக்கும் கோவைக்கும் வந்தது, மருங்காபுரிக்கு வரவில்லை, அங்கும் நிலைக்கவில்லை. நம் கணக்கையும் நாம்தான் சொல்ல வேண்டும்.)

1967 தேர்தல். அதுவரை சாத்தூரில் நின்றவர் இம்முறை பிறந்த ஊரிலேயே நின்றார். எதிரே யார்? பெ. சீனிவாசன் என்ற மாணவர் தலைவர். இந்தி எதிர்ப்புக் களத்தில் வந்த இளைஞர். இந்தியாவின் பிரதமரைத் தீர்மானித்தவருக்கு எதிராக, நேற்றுவரை புத்தகம் தூக்கியவர்! ஆச்சாரியாரின் சுதந்திரா உட்பட ஏழெட்டுக் கட்சிகள் நம்மோடு. பெரியார் எதிர்ப்பக்கம். பெட்டியை எண்ணினார்கள். சீனிவாசன் 33,421. காமராசர் 32,136. வேறுபாடு 1,285.

அது அவருக்கு மட்டும் வந்த புயல் அன்று. பக்தவத்சலம் திருப்பெரும்புதூரில் வீழ்ந்தார், சி. சுப்பிரமணியம் கோபியில் வீழ்ந்தார், பம்பாயில் எஸ்.கே. பாட்டீல் வீழ்ந்தார். கழகம் 137 இடங்களில் வென்றது. ஆனால் ஒரு கணக்கை நம்மில் பலர் பார்ப்பதில்லை. மாநிலம் முழுதும் காங்கிரசுக்கு விழுந்த வாக்கு நூற்றுக்கு 41. கழகத்துக்கு அதைவிடச் சற்றுக் குறைவு. காங்கிரசு ஏறக்குறைய எல்லா இடத்திலும் நின்றது, நாம் 174-இல் நின்றோம் என்பது உண்மைதான். என்றாலும், மக்கள் காமராசரைத் தூக்கி எறிந்தார்கள் என்று மேடையில் முழங்குகிறவர் இந்த எண்ணைப் பார்த்துவிட்டு முழங்கட்டும்.

விருதுநகர் நன்றி கெட்ட ஊரா? அப்படிச் சொல்ல மாட்டேன். வாக்குச் சீட்டு நன்றிக் கடனுக்கு எழுதித் தரும் பத்திரமாகிவிட்டால், பள்ளி கட்டியவனின் பேரனுக்கும் நாம் ஓட்டுப் போட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான். அந்த ஊர் மகனை வெறுக்கவில்லை. மகன் தலைமை தாங்கிய ஆட்சியிடம் அரிசிக்கும் மொழிக்கும் கணக்குக் கேட்டது. அவர் திறந்த பள்ளியில் எழுத்துக் கற்ற பிள்ளைகள்தான், படித்து, பத்திரிகை பார்த்து, அவருக்கு எதிராக முத்திரை குத்தினார்கள். அவர் தோற்றது அந்த ஒரு வகையில் அவர் வேலையின் பலன்.

வெற்றிச் செய்தி வந்தபோது, காமராசரின் தோல்வியைக் கேட்டு அண்ணா மகிழவில்லை, வருந்தினார் என்பது உடனிருந்தோர் சொல்லி வைத்த செய்தி. காஞ்சியில் தோற்ற இரவை அறிந்தவர் அவர். பிறகு அவர் செய்ததுதான் பெரிது. தம்மைத் தோற்கடிக்க ஊர் ஊராகப் பேசிய பெரியாரைத் தேடித் திருச்சிக்கு வந்தார். பதினெட்டு ஆண்டுப் பிரிவு இந்த ஊரில் முடிந்தது. மார்ச் 6-இல் முதலமைச்சரானார்.

தோற்றவர் ஊர்மீது குறை சொல்லித் திரியவில்லை. 1969 சனவரியில் நாகர்கோவில் நாடாளுமன்றத் தொகுதிக்கு இடைத்தேர்தல் வந்தது. கழக ஆதரவுடன் நின்ற சுதந்திரா வேட்பாளரை எதிர்த்து நின்றார். 1,285 வாக்கில் தோற்றவரை 1,28,000-க்கும் மேற்பட்ட வாக்கில் குமரி மக்கள் அனுப்பி வைத்தார்கள். நாம் ஆண்ட காலத்தில்! அடுத்த மாதம் 3-ஆம் நாள் அண்ணா மறைந்தார்.

1971-இலும் நாகர்கோவில் அவரைக் கைவிடவில்லை. ஆனால் அவர் அமர்த்திய இந்திரா அம்மையாரால் கட்சி இரண்டாகியிருந்தது; கடைசியில் நெருக்கடி நிலையும் வந்தது. தாம் கோட்டையை விட்டு இறங்கிய அதே அக்டோபர் 2, 1975-ஆம் ஆண்டில், சென்னைத் தியாகராய நகரில் வாடகை வீட்டில் அவர் மூச்சு நின்றது. மணமில்லை, மக்களில்லை, சொந்த வீடில்லை. கலைஞரின் அரசு கிண்டியில் இடம் தந்து தகனம் செய்தது. 2006-இல் அதே கலைஞர் அரசுதான் சூலை 15-ஐக் கல்வி வளர்ச்சி நாளாக்கியது.

பெஞ்சில் சிரித்த இளந்தோழரிடம் இவ்வளவையும் சொன்னேன். அவர் தேநீர் ஆறிப் போயிருந்தது. அவருடைய தாத்தா எந்தப் பள்ளியில் படித்தார் என்று கேட்டேன். கையை நீட்டிக் காட்டினார்: சாலைக்கு அந்தப் பக்கம், ஓடு வேய்ந்த பழைய கட்டடம். எந்த ஆண்டு கட்டியது என்று அவருக்குத் தெரியவில்லை. கடைக்காரர் சொன்னார்.