9 நிமிஷத்திலிருந்து 45 நிமிஷத்துக்கு... கியூபாவின் முதல் உலக சாம்பியன் கிட் சாக்லேட் கதை!

ஒரு சின்ன டெஸ்ட். மொபைல்ல ஸ்டாப்வாட்ச்சை ஆன் பண்ணிட்டு, எழுந்து நின்னு காத்துல வேகமா குத்து விட்டுப் பாருங்க. ஒரு நிமிஷத்துல தோள் கனக்கும். ரெண்டாவது நிமிஷத்துல கை தானா கீழே இறங்கும். மூணு நிமிஷம் தாக்குப்பிடிச்சீங்கன்னா, அதுதான் ஒரு ரவுண்டு. எதிர்ல யாருமே இல்லாதப்போ இப்படின்னா, திருப்பிக் குத்துற ஒருத்தர் நின்னா எப்படி இருக்கும்னு யோசிங்க.

அமெச்சூர் குத்துச்சண்டையில் பொதுவாக இப்படி 3 ரவுண்டு. மொத்தம் 9 நிமிஷம். புரொஃபஷனல் ஆகிட்டா 10 ரவுண்டு. பட்டத்துக்கான சண்டை என்றால், அந்தக் காலத்தில் 15 ரவுண்டு, அதாவது 45 நிமிஷம். ரெண்டுக்கும் பேர் குத்துச்சண்டைதான். ஆனா, 100 மீட்டர் ஓடுறவரைக் கூப்பிட்டு மாரத்தான் ஓடச் சொல்ற அளவுக்கு வித்தியாசம் இருக்கு.

இந்த வித்தியாசத்தோடு இன்றைக்கும் மல்லுக்கட்டுகிற நாடு கியூபா. ஒலிம்பிக் தங்கங்களாகக் குவித்த அந்த நாட்டு வீரர்கள் புரொஃபஷனல் ரிங்குக்கு வரும்போதெல்லாம் ஒரே கேள்வி எழும்: இந்த ஸ்டைல் அங்கே செல்லுமா? கிட்டத்தட்ட நூறு வருஷத்துக்கு முன்னாடியே அந்தக் கேள்வியைத் தன் உடம்பால் எதிர்கொண்டவர் ஒருத்தர் இருக்கார். அவர் பெயர் கிட் சாக்லேட்.

பேப்பர் போடும் பையன்

நிஜப் பெயர் எலிஜியோ சர்தின்யாஸ் மொந்தால்வோ. 1910-ல் ஹவானாவில் பிறந்தார். செர்ரோ என்ற உழைப்பாளிகள் வாழும் பகுதிதான் அவர் ஏரியா. ஏழைக் குடும்பம். சின்ன வயசிலேயே தெருவில் பேப்பர் விற்கப் போய்விட்டார்.

அப்போது கியூபாவில் குத்துச்சண்டை ஒரு புது மோகம். 1915-ல் ஜாக் ஜான்சனும் ஜெஸ் வில்லார்டும் உலக ஹெவிவெயிட் பட்டத்துக்காக மோதியதே ஹவானாவில்தான். அந்த மோகத்தைப் பிடித்துக்கொண்டு, லா நோச்சே என்ற பத்திரிகை தன் பேப்பர் பையன்களுக்கென ஒரு குத்துச்சண்டைப் போட்டியை நடத்தியது. ஒல்லியான உடம்பும் நீளமான கைகளுமாக வந்த எலிஜியோ அதில் ஜெயித்தான். பத்திரிகையின் விளையாட்டுப் பகுதியைக் கவனித்துவந்த லூயிஸ் குட்டியரெஸ் கண்ணில் பையன் பட்டான். பின்சோ என்று எல்லோரும் கூப்பிடும் அந்த மனுஷர்தான் பிறகு மேனேஜர், வழிகாட்டி எல்லாமே.

அமெச்சூராக 100 சண்டை, 100 வெற்றி, அதில் 86 நாக் அவுட் என்று ஒரு கணக்கு உலகம் முழுக்கப் பரவியிருக்கு. கேட்கவே செமயா இருக்கில்ல? பழைய பத்திரிகைகளைப் புரட்டித் தேடியவர்களுக்கு அதில் ஒரு சின்னப் பகுதிதான் கிடைத்தது. மீதியை விளம்பரம் செய்யத் தெரிந்த ஒரு பத்திரிகைக்காரரின் கைவண்ணம் என்று வெச்சுக்கலாம். எண்ணிக்கையை விடுங்க. பையனிடம் அசாத்திய வேகம் இருந்தது என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

தியேட்டர்தான் கோச்சிங் சென்டர்

நாம இப்போ எதையாவது கத்துக்கணும்னா யூடியூப்ல தேடுறோம். எலிஜியோவும் பின்சோவும் 1920-களிலேயே அதைத்தான் செய்தார்கள். பழைய குத்துச்சண்டைப் படங்களைத் திரும்பத் திரும்பப் பார்ப்பார்கள். ஜோ கான்ஸ், பென்னி லியோனார்டு மாதிரியான ஜாம்பவான்கள் எப்படிக் கால் வைக்கிறார்கள், தலையை எந்தப் பக்கம் நகர்த்துகிறார்கள், இடது கையால் சட்டென்று விடும் ஜாப் எந்த நொடியில் கிளம்புகிறது என்று கவனிப்பார்கள். பேசாத படங்கள் என்பதால் கண்ணுக்கு மட்டும்தான் வேலை. பார்த்ததை ஜிம்மில் வந்து செய்து பழகுவார் எலிஜியோ.

இதிலிருந்து ஒரு ஸ்டைல் உருவாச்சு. அடி வாங்காமல் அடிக்கணும். தூரத்தில் நின்று ஜாப், எதிராளி கை ஓங்கும்போது நகர்வு, அவர் தடுமாறும் நொடியில் பதிலடி. இன்றைக்குக் கியூபா குத்துச்சண்டை என்றதும் ரசிகர்கள் மனசில் வருகிற படமும் கிட்டத்தட்ட இதேதான்.

நியூயார்க்கில் ஒரு கியூபா பையன்

புரொஃபஷனலாக மாறி, ஹவானாவில் வரிசையாக ஜெயித்துவிட்டு, 1928-ல் நியூயார்க் போய் இறங்கினார். வயசு 18. இங்கிலீஷும் பெருசா வராது. ஆனால், ரிங்குக்குள் அவர் ஆடிய ஆட்டத்துக்கு மொழி தேவைப்படவில்லை. 1929 ஆகஸ்ட்டில் போலோ கிரவுண்ட்ஸ் மைதானத்தில் உள்ளூர் நட்சத்திரம் ஆல் சிங்கரைப் பாயின்ட்டில் ஜெயித்தபோது, நகரமே இந்தப் பையனைப் பற்றிப் பேசியது.

அமெச்சூர் வேகம் இங்கேயும் செல்லுபடியாகும்போல என்றுதான் அப்போது தோன்றியிருக்கும். சோதனை வந்தது 1930-ல்.

காற்றாடி வந்தது

1930 ஆகஸ்ட் 7. அதே போலோ கிரவுண்ட்ஸ். எதிரே லண்டனைச் சேர்ந்த ஜாக்கி கிட் பெர்க். அவர் ஜூனியர் வெல்டர்வெயிட் உலக சாம்பியன், அதாவது சாக்லேட்டைவிடக் கனமான ஆள். காற்றாடி மாதிரி நிற்காமல் கை சுழற்றுவார் என்பதால் பட்டப்பெயரும் அதுவே.

ஆரம்ப ரவுண்டுகளில் சாக்லேட்டின் ஜாப் அழகாக வேலை செய்தது. ஆனால், பெர்க் வாங்கிக்கொண்டே முன்னால் வந்தார். நெருங்கி வந்து விலாவிலும் வயிற்றிலும் குத்தினார். தலையில் விழும் அடியைவிட உடம்பில் விழும் அடி மோசமானது. அது உடனே வலிப்பதோடு நிற்காது, அஞ்சு ரவுண்டு கழிச்சுக் காலைக் கட்டிப்போடும். 10 ரவுண்டு முடிந்தபோது நடுவர்களின் கருத்து பிரிந்தது. மயிரிழையில் வெற்றி பெர்க்குக்குப் போனது. புரொஃபஷனலாக சாக்லேட்டின் முதல் தோல்வி.

அதோடு முடியவில்லை. நவம்பரில் ஃபிடல் லாபார்பாவிடம் தோல்வி. டிசம்பரில் ஃபெதர்வெயிட் உலகப் பட்டத்துக்காக பேட் பட்டாலினோவுடன் மோதினார். முதல் ரவுண்டிலேயே பட்டாலினோவைத் தரையில் சாய்த்தார் சாக்லேட். 3 ரவுண்டு சண்டையாக இருந்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். இது 15 ரவுண்டு. பட்டாலினோ எழுந்தார், விடாமல் நெருங்கி நெருங்கி அடித்தார், பாயின்ட்டில் பட்டத்தைத் தக்கவைத்தார்.

அஞ்சு மாசத்துக்குள் மூணு தோல்வி. வயசு 20.

அமெச்சூர் சண்டையில் முதல் நிமிஷத்தில் எடுத்த முன்னிலை உங்களைக் கரை சேர்த்துவிடும். நீண்ட சண்டையில் அந்த முன்னிலை வெறும் முன்பணம். எங்கே வேகம் காட்டணும், எங்கே மூச்சு சேமிக்கணும், நெருங்கி வருகிறவரை எப்படிக் கட்டிப்போடணும், எப்போ நகர்வை நிறுத்திவிட்டு நின்று அடிக்கணும் என்பதெல்லாம் புதுசாகக் கத்துக்க வேண்டிய பாடம்.

கத்துக்கிட்டார்!

1931 ஜூலை 15, பிலடெல்பியா. ஜூனியர் லைட்வெயிட் உலக சாம்பியன் பென்னி பாஸ், கனமான குத்துக்குப் பேர்போனவர். இந்த முறை சாக்லேட் ஓடி ஓடிப் பாயின்ட் சேர்க்கவில்லை. குறிபார்த்துக் குறிபார்த்து பாஸின் முகத்தைச் சிதைத்தார். ஏழாவது ரவுண்டில் சண்டை நிறுத்தப்பட்டது. பேப்பர் விற்ற பையன், கியூபாவின் முதல் உலக சாம்பியன்!

அதே வருஷம் நவம்பரில், மேடிசன் ஸ்கொயர் கார்டனில் லைட்வெயிட் சாம்பியன் டோனி கான்சோனெரியோடு 15 ரவுண்டு. எடையில் தனக்கு மேலே இருந்த ஒரு மகா வீரரோடு கடைசி மணி வரைக்கும் சமமாக நின்றார். நடுவர்கள் பிரிந்து கான்சோனெரிக்குக் கொடுத்தார்கள், கூட்டம் கூச்சல் போட்டது. தோல்விதான். ஆனா, முந்தின வருஷம் பெர்க்கிடம் 10 ரவுண்டிலேயே திணறிய அதே பையன்தானே இது!

1932 அக்டோபரில் லூ ஃபெல்ட்மேனை வீழ்த்தி, நியூயார்க் குத்துச்சண்டை ஆணையம் அங்கீகரித்த ஃபெதர்வெயிட் பட்டத்தையும் எடுத்தார். எந்த ரவுண்டில் தெரியுமா? 12-வது ரவுண்டில். 9 நிமிஷப் பையன், அரைமணி நேரத்துக்கு மேல் ஆடிய பிறகும் எதிராளியை முடிக்கும் அளவுக்குத் தெம்பு மிச்சம் வைத்திருந்தார். ரிங்குக்குள் அவருடைய மாற்றம் அன்றைக்கு முழுமையானது.

மணி அடிச்ச பிறகு...

ஆனா, புரொஃபஷனல் வாழ்க்கை என்பது ரிங்குக்குள் மட்டும் இல்லையே. அமெச்சூருக்குக் கோப்பை கிடைக்கும், வீட்டுக்குப் போகலாம். புரொஃபஷனலுக்குப் பணம் வரும், கூட்டம் வரும், நியூயார்க் ராத்திரிகள் வரும். அதுக்கு எந்த சினிமாவிலும் பாடம் இல்லை.

சாக்லேட்டுக்கு உடை மேல் கொள்ளைப் பிரியம். தைத்துப்போட்ட சூட்டுகள், பளபளக்கும் ஷூக்கள், கார்கள் என்று வாழ்ந்தார். அமெரிக்காவே பொருளாதார மந்தத்தில் தவித்த நேரம் அது. ஹார்லெமின் ராத்திரிக் கொண்டாட்டங்களில் அவர் ஒரு நிரந்தர முகம். இன்னொரு பக்கம், மாசத்துக்கு ஒண்ணு ரெண்டு என்று சண்டைகள். ஓய்வு கேட்ட உடம்புக்கு ராத்திரி முழுக்க விழிப்பு.

கணக்கு 1933-ல் தீர்ந்தது. நவம்பர் 24-ல் கான்சோனெரியோடு மறுபடியும் மோதினார். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி 15 ரவுண்டு சமமாக நின்ற அதே எதிராளியிடம், இந்த முறை ரெண்டாவது ரவுண்டிலேயே நாக் அவுட். அடுத்த மாசமே ஃபிராங்கி கிளிக்கிடம் ஏழாவது ரவுண்டில் தோற்று, ஜூனியர் லைட்வெயிட் பட்டமும் போனது. அப்போது அவருக்கு 23 வயசு. உங்களில் பலர் முதல் வேலையில் சேரும் வயசு அது.

அதன் பிறகும் ஆடினார். நிறைய ஜெயிக்கவும் செய்தார். ஆனால், பெரிய மேடைகள் திரும்பவில்லை. 1938-ல், 28 வயசில், ஹவானாவிலேயே கையுறையைக் கழற்றினார். சுமார் 11 வருஷத்தில் ஏறக்குறைய 150 சண்டைகள். தோற்றது பத்துப் பக்கம்தான்.

தடை போட்ட நாடு, பெயர் வைத்த நாடு

கியூபாவில் புரட்சி வந்தது. 1962-ல் புரொஃபஷனல் விளையாட்டுகளுக்கு அரசு தடை போட்டது. பிறகு வந்த தலைமுறை அமெச்சூராகவே உலகை ஆண்டது. 1972, 1976, 1980 என மூணு ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற தியோஃபிலோ ஸ்டீவன்சன், கோடிகள் காத்திருந்தும் புரொஃபஷனல் பக்கம் போகவில்லை.

சிலர் நாட்டைவிட்டே வெளியேறிப் போனார்கள். ரெண்டு ஒலிம்பிக் தங்கம் வென்ற கியெர்மோ ரிகோண்டோ 2009-ல் வெளியேறி, 2013-ல் நோனிட்டோ டொனேரைத் தோற்கடித்தார். அடி வாங்காமல் அடிக்கும் அதே பழைய ஸ்டைல். வெற்றி கிடைத்தது, ஆனால் போரடிக்குது என்று சலித்துக்கொண்டார்கள். புரொஃபஷனல் உலகத்தில் ஜெயிச்சா மட்டும் போதாது, டிக்கெட்டும் விற்கணும். சாக்லேட்டுக்கு அந்தப் பிரச்னை இருந்ததில்லை. அவரால் ஆடவும் முடிந்தது, அரங்கை நிரப்பவும் முடிந்தது.

2022-ல் கியூபா தன் வீரர்களுக்குப் புரொஃபஷனல் கதவை மறுபடியும் திறந்தது. அந்த மே மாசம் மெக்சிகோவில் அவர்கள் ரிங்கில் ஏறினார்கள். இப்போ அவங்களுக்கும் அதே ரெண்டு பரீட்சை. நீண்ட ரவுண்டுகளுக்கு உடம்பைத் தயார் செய்யணும், ரவுண்டுகளுக்கு வெளியே இருக்கும் வாழ்க்கைக்கு மனசைத் தயார் செய்யணும். சாக்லேட் முதல் பரீட்சையில் ஒரே வருஷத்தில் பாஸ் பண்ணினார். ரெண்டாவதில்தான் கோட்டை விட்டார்.

1988 ஆகஸ்ட்டில் ஹவானாவில் காலமானார் கிட் சாக்லேட். ஹவானாவின் நடுவே, கேபிடோலியோ என்ற பழைய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு எதிரே, 1991 பான் அமெரிக்கப் போட்டிக்காகக் கட்டிய ஓர் உள்விளையாட்டரங்கம் இருக்கு. புரொஃபஷனல் குத்துச்சண்டைக்குத் தடை இருந்த நேரத்தில், அமெச்சூர் வீரர்கள் மோதுவதற்காக எழும்பிய அரங்கம். அதுக்குப் பேர் வைக்க அந்த நாட்டுக்கு ஒரு புரொஃபஷனல் வீரரின் ஞாபகம்தான் வந்தது. வாசலில் இருக்கும் பெயர்: கிட் சாக்லேட்.