கியோம் லெ ஜென்டில்

கியோம் லெ ஜென்டில் (செப்டம்பர் 12, 1725 - அக்டோபர் 22, 1792) பிரான்சு நாட்டு வானியலாளர் ஆவார். வெள்ளிக் கோள் சூரிய வட்டத்தின் குறுக்கே கடந்து செல்லும் நிகழ்வை (வெள்ளி இடைநகர்வு) அளப்பதற்காகப் புதுச்சேரிக்கு வந்து, மேகமூட்டத்தால் அதைக் காணாமல் திரும்பியவர். தமிழ்நாட்டு வானியல் முறைகளையும் இந்தியப் பெருங்கடற் பகுதியின் பருவக்காற்றுகளையும் பற்றி எழுதியுள்ளார்.

இளமை

நார்மண்டியிலுள்ள குத்தான்சு நகரில் பிறந்தார். முதலில் இறையியல் பயின்ற இவர், பின்னர் வானியலில் ஈடுபட்டுப் பாரிசு வானாய்வகத்தில் பணியாற்றினார். ஆந்திரொமேடா பேரடையின் துணைப் பேரடையான மெசியர் 32 ஐ 1749 இல் கண்டறிந்தார்.

முதற் பயணம்

வெள்ளி இடைநகர்வைப் பல இடங்களிலிருந்து அளந்தால் சூரியனின் தொலைவைக் கணக்கிடலாம் என்று எட்மண்டு ஆலி காட்டியிருந்தார். 1761 ஆம் ஆண்டு நிகழ்வைப் புதுச்சேரியில் காண, மார்ச் 1760 இல் லெ ஜென்டில் பிரான்சிலிருந்து கப்பலேறினார். மொரீசியசு வழியாக இந்தியாவை நெருங்கியபோது, புதுச்சேரி சனவரி 1761 இல் ஆங்கிலேயர் வசமான செய்தி மலபார்க் கரையோரம் கிடைத்தது. கப்பல் திரும்பியது. சூன் 6, 1761 அன்று வானம் தெளிவாக இருந்தும், ஆடும் கப்பலில் பயனுள்ள அளவீடு எதுவும் செய்ய இயலவில்லை.

புதுச்சேரியில்

அடுத்த இடைநகர்வு 1769 இல் நிகழவிருந்தது. அதைத் தவறவிட்டால் 1874 வரை வேறொன்று இல்லை. எனவே லெ ஜென்டில் இப்பகுதியிலேயே தங்கினார். 1766 இல் மணிலாவுக்குச் சென்றார். பாரிசு அறிவியல் கழகம் புதுச்சேரியையே விரும்பியதால், பிரெஞ்சுக்காரரிடம் மீண்டும் ஒப்படைக்கப்பட்டிருந்த அந்நகருக்கு மார்ச் 1768 இல் வந்து சேர்ந்தார். ஆளுநர் ழான் லாவின் ஆதரவுடன், இடிந்த கோட்டையின் மீது வானாய்வகம் அமைத்தார். சென்னையிலிருந்த ஆங்கிலேயர் ஒரு தொலைநோக்கியை அனுப்பி உதவினர்.

காத்திருந்த காலத்தில் உள்ளூர்த் தமிழர் ஒருவரிடம் கிரகணக் கணித முறையைக் கற்றார். ஆகத்து 30, 1765 சந்திர கிரகணத்தின் கால அளவில் தமிழரின் கணிப்பு 41 நொடிகள் குறைவாகவும், ஐரோப்பாவில் புகழ்பெற்றிருந்த மாயரின் அட்டவணை 68 நொடிகள் கூடுதலாகவும் இருந்ததை இவர் பதிவு செய்துள்ளார்.

சூன் 4, 1769 காலைக்கு முந்தைய நாட்களில் வானம் தெளிவாக இருந்தது. அன்று விடியலில் மேகம் சூழ்ந்து சூரியனை மறைத்தது. இடைநகர்வு முடிந்த பின்னரே சூரியன் வெளிப்பட்டது. இவர் விட்டு வந்த மணிலாவில் அன்று வானம் தெளிவாக இருந்தது.

நாடு திரும்பல்

நோயுற்ற நிலையில் மார்ச் 1770 இல் புதுச்சேரியை விட்டுப் புறப்பட்டு, அக்டோபர் 1771 இல் பிரான்சை அடைந்தார். அங்கு இவர் இறந்துவிட்டதாகக் கருதப்பட்டு, உறவினர் சொத்தைப் பங்கிட முற்பட்டிருந்தனர். அறிவியல் கழகத்தில் இவரது இடமும் பிறருக்கு வழங்கப்பட்டிருந்தது. பின்னர் கழகத்தில் மீண்டும் சேர்க்கப்பட்டார், திருமணமும் செய்துகொண்டார். இவரது பயண நூல் இரு தொகுதிகளாக 1779, 1781 ஆம் ஆண்டுகளில் வெளிவந்தது. நிலவின் குழிப்பள்ளம் ஒன்றுக்கு இவரது பெயர் சூட்டப்பட்டுள்ளது.

மேகங்களும் நுண்ணலைத் தொலையுணர்தலும்

லெ ஜென்டிலின் காலத்தில் மேகத்தைக் கீழிருந்து கண்ணால் மட்டுமே ஆராய முடிந்தது. கண்ணுக்குப் புலனாகும் ஒளியை மேகத்துளிகள் சிதறடிக்கின்றன. நுண்ணலைகள் மேகத்தைப் பெருமளவு ஊடுருவுகின்றன. கடலின் மேல், குறைந்த அதிர்வெண்களில் மழைத்துளிகளின் கதிர்வீச்சு மிகுந்து தெரியும். உயர் அதிர்வெண்களில், மேகத்தின் மேற்பகுதியிலுள்ள பனித்துகள்கள் கதிர்வீச்சைச் சிதறடித்துக் குறைக்கும். செயற்கைக்கோள் அளப்பது இக்கதிர்வீச்சையே, மழையளவை அன்று. ஆகவே ஒவ்வோர் உயரத்திலும் எவ்வளவு துளியும் பனியும் இருக்கும் என மேக மாதிரிகள் கணினியில் உருவாக்கப்பட்டு, அவற்றின் கதிர்வீச்சு கணக்கிடப்படுகிறது. அக்கணக்கை அளவீட்டுடன் ஒப்பிட்டு மழையளவு மதிப்பிடப்படுகிறது.

இந்தியாவும் பிரான்சும் இணைந்து உருவாக்கிய மேகா-டிராபிக்ஸ் செயற்கைக்கோள் இப்பணிக்காக அக்டோபர் 12, 2011 அன்று சிறீஅரிக்கோட்டாவிலிருந்து ஏவப்பட்டது. அதில் மழையை அளந்த நுண்ணலைக் கருவியின் பெயர் மெட்ராஸ். அக்கருவி 2013 இல் செயலிழந்தது. வளிமண்டல ஈரப்பதத்தை அளந்த சஃபிர் கருவி தொடர்ந்து இயங்கியது. மார்ச் 7, 2023 அன்று செயற்கைக்கோள் வளிமண்டலத்துள் இறக்கப்பட்டு அழிக்கப்பட்டது.