ஆலைத் தொழிலாளரின் அன்புத் தமக்கை அனசூயா சாராபாய்

அகமதாபாத் நகரின் செல்வம் மிக்க சமணக் குடும்பங்களுள் சாராபாய் குடும்பமும் ஒன்று. துணி ஆலைகளால் புகழ்பெற்ற அக்குடும்பத்தில் 1885ஆம் ஆண்டு நவம்பர் 11ஆம் நாள் அனசூயா பிறந்தார். ஒன்பது வயதிலேயே தாய் தந்தையரை இழந்து, தம்பி அம்பாலாலுடனும் தங்கையுடனும் தந்தையின் உடன்பிறந்தார் இல்லத்தில் வளர்ந்தார். பதின்மூன்றாம் வயதில் நடந்த திருமணம் நிலைக்கவில்லை. பிறந்தகம் திரும்பிய தமக்கைக்குத் தம்பியே துணையாக நின்றார்.

தம்பியின் உதவியால் 1912இல் மருத்துவம் பயில இங்கிலாந்து சென்றார் அனசூயா. அப்படிப்பில் விலங்குகளை அறுத்துப் பார்க்க வேண்டியிருந்தது. கொல்லாமையைப் பிறப்பிலிருந்தே போற்றி வந்த அவர் உள்ளம் அதற்கு இசையவில்லை. மருத்துவத்தைக் கைவிட்டு இலண்டன் பொருளியல் கல்லூரியில் சேர்ந்தார். சமத்துவச் சிந்தனைகள் அங்கே அவருக்கு அறிமுகமாயின.

1913இல் தாயகம் திரும்பிய பின்னர், ஒரு நாள் காலையில் பெண் தொழிலாளர் சிலர் நடைப்பிணங்கள் போல் தளர்ந்து செல்வதைக் கண்டார். முப்பத்தாறு மணி நேரம் தொடர்ந்து ஆலையில் உழைத்துவிட்டு வீடு திரும்புவதாக அவர்கள் கூறினர். விலங்கின் துன்பம் கண்டு கத்தியைக் கீழே வைத்தவரால் மனிதரின் துன்பத்தைக் கண்டு வாளாவிருக்க இயலவில்லை. தொழிலாளர் குடியிருப்புகளில் பள்ளி தொடங்கினார். அவர்தம் குறைகளுக்குக் குரலும் ஆனார்.

1917இல் அகமதாபாத்தைப் பிளேக் நோய் தாக்கியது. மக்கள் நகரை விட்டு ஓடினர். தொழிலாளரைத் தக்கவைக்க ஆலை உரிமையாளர்கள் கூலியுடன் மிகுதியாகப் பிளேக் படியும் வழங்கினர். நோய் தணிந்ததும் 1918 தொடக்கத்தில் அப்படியை நிறுத்தினர். போர்க்காலத்தால் ஏறிய விலைவாசி மட்டும் இறங்கவில்லை. தொழிலாளர் 50 விழுக்காடு உயர்வு கேட்டனர். உரிமையாளர்கள் 20 விழுக்காட்டுக்கு மேல் தர மறுத்தனர். இரு தரப்பு நிலையையும் ஆராய்ந்த காந்தியடிகள் 35 விழுக்காடே நியாயம் என்றார். தொழிலாளரும் அதனை ஏற்றனர். ஆனால் பிப்ரவரி 22 அன்று ஆலைக் கதவுகள் அடைக்கப்பட்டன.

உரிமையாளர்களின் தலைவராக நின்றவர் அம்பாலால். தொழிலாளர் பக்கம் நின்றவர் அவருடைய தமக்கை. குடும்பச் செல்வத்தின் ஊற்றான ஆலைகளையே எதிர்த்து நின்றபோதும் அனசூயா தம்பியை வெறுக்கவில்லை. தம்பியும் தமக்கையை ஒதுக்கவில்லை. கொள்கையில் பிரிந்தும் பாசத்தில் பிரியாத நிலை அது.

சபர்மதிக் கரையில் ஒரு கருவேல மரத்தடியில் தொழிலாளர் நாள்தோறும் கூடினர். போராட்டக் காலத்தில் பிறரிடம் கையேந்துவதில்லை என்பது அவர்கள் உறுதி. ஆசிரமக் கட்டடப் பணிக்கு மணல் சுமக்கும் வேலை கிடைத்தபோது, அனசூயா தம் தலையிலும் கூடையேற்றி முன்னே நடந்தார். பசியால் சிலர் உறுதி தளர்ந்த வேளையில், மார்ச் 15 அன்று காந்தியடிகள் உண்ணாநோன்பு தொடங்கினார். மூன்று நாள்களில் உடன்பாடு பிறந்தது. நடுவராக அமைந்த ஆனந்தசங்கர் துருவா 35 விழுக்காடு உயர்வே தகும் எனத் தீர்ப்பளித்தார்.

1920இல் மஜூர் மகாஜன் என்னும் தொழிலாளர் சங்கம் உருவாயிற்று. அதன் தலைமையை அனசூயா ஏற்றார். பிணக்குகளைப் பேச்சாலும் நடுவர் தீர்ப்பாலும் தீர்ப்பதே அச்சங்கத்தின் நெறி. மூத்த சகோதரி என்னும் பொருளில் தொழிலாளர் அவரை மோட்டாபென் என்று அழைத்தனர். 1972இல் அவர் மறைந்தார்.

அருளுடைமை என்றவுடன் அன்னதானமும் பொருளுதவியும் நம் நினைவுக்கு வருகின்றன. அவை நல்லறங்களே. ஆயினும் உழைப்பவருக்கு உரிய கூலியைக் குறைத்துவிட்டுச் செய்யும் தானம் நிறைவுடையது ஆகாது. இடர்க்காலத்தில் தொழிலாளருக்குத் தருவது இரக்கத்தால் இடும் பிச்சை அன்று. தீர்க்க வேண்டிய கடன். கடை நடத்துவோரும், நிலத்தில் ஆள் வைத்து வேலை வாங்குவோரும், வீட்டில் பணியாள் வைத்திருப்போரும் எண்ணிப் பார்க்க வேண்டிய உண்மை இது. கொல்லாமை என்னும் அறம் உண்கலத்தோடு நின்றுவிடாமல் கூலிக் கணக்கிலும் விளங்க வேண்டும் என்பதை அனசூயா அம்மையார் வாழ்ந்து காட்டினார்.